ஒரு டன் சர்க்கரையைச் சந்திரனுக்கு அனுப்புவது எப்படி? தாளில் போடும் எரிபொருள் கணக்கு

ரொட்ரிகஸ் தீவுக்குக் கப்பலில் போனவர்களுக்கு அந்தப் பயணம் மறக்காது. போர்ட் லூயிஸில் ஏறினால் ஒன்றரை நாள் அளவுக்குக் கடலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தூரம் சுமார் 560 கி.மீ. பன்னாட்டு விண்வெளி நிலையமோ சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது மொரிசியஸுக்கு நேர் மேலே வரும்போது, ரொட்ரிகஸைவிட நமக்கு அருகில் இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்படியென்றால், ஐயா, அங்கே ஒரு மூட்டைச் சர்க்கரை அனுப்ப ஏன் அவ்வளவு பெரிய ராக்கெட் வேண்டும்?"

அந்தக் கேள்விக்கு விடையாக எழுதிய குறிப்புகளே இந்தப் பதிவு. படித்து முடிக்கும்போது, பூமியைச் சுற்றும் பாதையிலிருந்து ஒரு டன் சரக்கைச் சந்திரனுக்குக் கொண்டுசெல்ல எத்தனை கிலோ எரிபொருள் ஆகும், அதை எப்படிக் குறைக்கலாம் என்று நீங்களே கணக்கிட்டுவிடுவீர்கள். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, கைப்பேசியில் இருக்கும் கணிப்பான் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணிப்பானைத் திறந்து கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் பல கைப்பேசிகளில் கூடுதல் பொத்தான்கள் தோன்றும். அவற்றில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தின் தலையில் ஒரு சிறு 'எக்ஸ்' ஏறி உட்கார்ந்திருக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து வையுங்கள். அதில் 1 கொடுத்தால் 2.718 வர வேண்டும். வந்தால் உங்கள் கருவி தயார்.

படி 1: தூரத்தை மறந்துவிடுங்கள்

என் தாத்தா போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவர். 1980-இல் மொத்தச் சர்க்கரை முனையம் வந்து, சர்க்கரை மூட்டையில்லாமல் நேராகக் கப்பலுக்குள் கொட்டப்படும்வரை அந்த வேலை இருந்தது. "நடப்பது ஒரு வேலையே இல்லை, முதுகில் ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை" என்று அவர் சொல்வார். விண்வெளிச் சரக்குப் போக்குவரத்து அப்படியே இதுதான்.

கடலில் கப்பல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் கப்பலும் நின்றுவிடும். அதனால் தூரம் கூடக்கூட எண்ணெய்ச் செலவும் கூடும். விண்வெளியில் தடுக்கத் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. ஒருமுறை வேகம் பிடித்த பொருள், எஞ்சின் அணைந்த பிறகும் ஈர்ப்பு விசை வகுத்த வழியில் போய்க்கொண்டேயிருக்கும். செலவு ஆவது இரண்டே இடங்களில்: வேகத்தைக் கூட்டும்போதும், போய்ச் சேர்ந்த இடத்தில் குறைக்கும்போதும். இந்தக் கூட்டல், குறைத்தல் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத்தை 'வேக மாற்றம்' என்று அழைப்போம். துறை சார்ந்தவர்கள் 'டெல்டா வி' என்பார்கள்.

மாணவியின் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் சும்மா மிதக்கவில்லை. நொடிக்கு சுமார் 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அங்கே ஏறிச் செல்வது சின்ன வேலை. அதே வேகத்தில் சேர்ந்து ஓடுவதுதான் பெரிய வேலை.

படி 2: கட்டணப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள்

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நொடிக்குக் கி.மீ. அளவில், தோராயமான எண்கள்.

தரையிலிருந்து பூமியின் தாழ் சுற்றுப்பாதைக்கு: 9.4 (காற்றுத் தடையையும், மேலேறும்போது ஈர்ப்பை எதிர்த்து இழப்பதையும் சேர்த்து)
தாழ் சுற்றுப்பாதையிலிருந்து சந்திரனை நோக்கிக் கிளம்ப: 3.1
சந்திரனை அடைந்து அதன் தாழ் சுற்றுப்பாதையில் நிற்க: 0.9
அங்கிருந்து சந்திரனின் தரையில் இறங்க: 1.9
தாழ் சுற்றுப்பாதையிலிருந்து செவ்வாயை நோக்கிக் கிளம்ப: 3.6

முதல் வரியை அடுத்த இரண்டு வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் 400 கி.மீ. ஏறுவதற்கு 9.4. சந்திரன் சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருந்தும், தாழ் சுற்றுப்பாதையிலிருந்து கிளம்ப 3.1, அங்கே சுற்றத் தொடங்க 0.9, ஆக 4.0 போதும். செவ்வாய் பல கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், அதை நோக்கிக் கிளம்ப ஆகும் செலவு சந்திரனுக்குக் கிளம்புவதைவிடக் கொஞ்சமே அதிகம். இந்தப் பட்டியலைப் பார்த்து வியப்பு வராவிட்டால், தயவுசெய்து இன்னொருமுறை படியுங்கள். இதில் இருக்கும் அழகு எனக்கு இத்தனை வருடங்களில் பழகிப்போகவில்லை.

நம் கணக்கு பூமியின் தாழ் சுற்றுப்பாதையில் தொடங்கி, சந்திரனின் தாழ் சுற்றுப்பாதையில் முடியும். ஆக 3.1 + 0.9 = 4.0.

படி 3: சியோல்கோவ்ஸ்கியின் சூத்திரம்

ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சூத்திரம் இது. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே விண்வெளிப் பயணத்தின் அடிப்படைக் கணக்கைப் போட்டு வைத்த மனிதர் என்பதால் எனக்கு அவர் மீது தனி மரியாதை உண்டு.

எரிபொருள் தீர்ந்த பிறகு மிஞ்சும் எடையை 'மிச்ச எடை' என்போம். கிளம்பும்போது இருக்கும் எடை 'தொடக்க எடை'. எஞ்சின் தன் பின்பக்கம் வாயுவை வெளியேற்றும் வேகம் 'வெளியேற்று வேகம்'.

முதலில் வேக மாற்றத்தை வெளியேற்று வேகத்தால் வகுங்கள். வந்த விடையை அந்தச் சிறப்புப் பொத்தானில் கொடுங்கள். திரையில் வரும் எண்ணை மிச்ச எடையால் பெருக்கினால் தொடக்க எடை கிடைக்கும். தொடக்க எடையிலிருந்து மிச்ச எடையைக் கழித்தால் எரிபொருள். அவ்வளவுதான்.

50 கிலோ மூட்டையாக 20 மூட்டைச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம்: 1000 கிலோ. தொட்டி, எஞ்சின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அறை வெப்பநிலையில் கெடாமல் வைத்திருக்கக்கூடிய, பல விண்கலங்களில் பயன்படும் திரவ எரிபொருள்களின் வெளியேற்று வேகம் நொடிக்குச் சுமார் 3.1 கி.மீ. கணக்கு: 4.0 ÷ 3.1 = 1.290. பொத்தானை அழுத்தினால் 3.634. தொடக்க எடை 3634 கிலோ. எரிபொருள் 2634 கிலோ.

திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்தால் வெளியேற்று வேகம் சுமார் 4.4. கணக்கு: 4.0 ÷ 4.4 = 0.909. பொத்தான் தருவது 2.482. எரிபொருள் 1482 கிலோ. வெளியேற்று வேகம் 3.1-இலிருந்து 4.4 ஆனதற்கே ஒரு டன்னுக்கு மேல் மிச்சம். ஆனால் ஹைட்ரஜன் திரவமாக இருக்கச் சுமார் மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். ஐந்து நாள் பயணத்துக்குத் தாங்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகிவிடும். இந்த எச்சரிக்கையைப் பக்க ஓரத்தில் எழுதி வையுங்கள். 8-ஆம் படியில் தேவைப்படும்.

மிச்ச எடையில் தொட்டியையும் எஞ்சினையும் சேர்க்காமல் யாரும் பறக்க முடியாது. அவை 300 கிலோ என்றால் மிச்ச எடை 1300. முதல் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 1300 × 3.634 = 4724. எரிபொருள் 3424 கிலோ. 300 கிலோ இரும்பு ஏறியதும் எரிபொருள் 790 கிலோ கூடிவிட்டது. விண்கலம் கட்டுபவர்கள் ஒவ்வொரு திருகாணியையும் எடை போட்டுப் பார்ப்பதன் காரணம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

படி 4: கடைசி எரிப்பிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகக் கற்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். கிளம்ப ஆகும் எரிபொருளை 1000 கிலோவுக்குக் கணக்கிடுகிறார்கள். சந்திரனில் வேகம் குறைக்க ஆகும் எரிபொருளையும் 1000 கிலோவுக்குக் கணக்கிடுகிறார்கள். இரண்டையும் கூட்டுகிறார்கள். விடை குறைவாக வருகிறது.

எங்கே தவறு? சந்திரனில் எரிக்கப்போகும் எரிபொருளையும் பூமியிலிருந்து கிளம்பும்போதே சுமந்தாக வேண்டும். முதல் எரிப்புக்கு அதுவும் சரக்குதான். அதனால் போய்ச் சேரும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

சந்திரனில் மிச்சம் 1000 கிலோ. அங்கே 0.9 குறைக்க வேண்டும்: 0.9 ÷ 3.1 = 0.290; பொத்தான் 1.337. அங்கே வந்து சேரும்போது எடை 1337 கிலோ. இப்போது அந்த 1337-ஐ மிச்ச எடையாக வைத்து 3.1-க்குப் போடுங்கள்: 3.1 ÷ 3.1 = 1; பொத்தான் 2.718. விடை 3634. மூன்றாம் படியில் வந்த அதே எண். பொருந்தவில்லை என்றால் எங்கோ கூட்டிவிட்டீர்கள். பெருக்க வேண்டிய இடம் அது.

சந்திரனில் 337 கிலோ எரிப்பதற்காக, பூமியின் அருகில் மேலும் 579 கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் இன்னும் கடுமை. இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் கிளம்பும்போது சுமார் 640 டன். அது தாழ் சுற்றுப்பாதைக்குச் சுமந்து செல்வது அதிகபட்சம் சுமார் 8 டன். ஒரு கிலோவுக்கு எண்பது கிலோ. பயணத்தின் கடைசியில் மிச்சப்படும் ஒவ்வொரு கிலோவும் ஏவுதளத்தில் எத்தனை கிலோவாகப் பெருகி நிற்கிறது என்று பாருங்கள். இனி வரும் படிகள் எல்லாம் அந்தக் கடைசிக் கிலோவைத் தேடிப் போகும் படிகள்தான்.

படி 5: வேகமாக ஓடும்போது எரியுங்கள்

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் போகும் கலத்தின் வேகத்தை 4 ஆக்குங்கள்: வர்க்கம் 9-இலிருந்து 16 ஆகிறது, வரவு 7. அதே எரிபொருளைக் கொண்டு 10-ஐ 11 ஆக்குங்கள்: 100-இலிருந்து 121, வரவு 21. செலவு ஒன்றே, வரவு மூன்று மடங்கு. ராக்கெட் ஆய்வின் முன்னோடி ஹெர்மன் ஓபர்ட் பெயரால் இதை ஓபர்ட் விளைவு என்கிறார்கள்.

ஆகவே கலம் பூமிக்கு மிக அருகில், மிக வேகமாக வரும் இடத்தில் எஞ்சினை இயக்க வேண்டும். சிறிய எஞ்சினால் அந்தச் சில நிமிடங்களுக்குள் முழு வேகத்தையும் கொடுக்க முடியாது. என்ன செய்யலாம்? கொஞ்சம் எரித்துவிட்டு அணைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே இடத்துக்கு வரும்போது கொஞ்சம் எரிக்கலாம். நீள்வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போகும்.

சந்திரயான்-3 செய்தது இதைத்தான். 2023 ஜூலை 14-இல் கிளம்பி, ஆகஸ்ட் 5-இல் சந்திரனின் சுற்றுப்பாதையை அடைந்து, ஆகஸ்ட் 23-இல் தரையிறங்கியது. 1969-இல் அப்போலோ 11 மூன்றே நாளில் சந்திரனின் சுற்றுப்பாதைக்குப் போனது; அதற்குச் சுமார் 2,900 டன் எடையுள்ள ராக்கெட் தேவைப்பட்டது. உள்ளே மனிதர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அவசரம் நியாயமானது. சந்திரயானுக்கு முன்பே, 2013 நவம்பர் 5-இல் கிளம்பிய மங்கள்யானும் இப்படிப் படிப்படியாகப் பாதையை நீட்டி, டிசம்பர் 1-இல் பூமியை விட்டு விலகியது. அதைச் சுமந்தது பிஎஸ்எல்வி என்னும் நடுத்தர ராக்கெட். கலத்தின் எடை 1337 கிலோ, அதில் சுமார் 850 கிலோ எரிபொருள்.

இஸ்ரோவின் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று நம் மொரிசியஸில் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விண்வெளி என்பது வேறு யாருடைய ஊரிலோ நடக்கும் விஷயம் அல்ல. 2021 ஜூனில் நம் முதல் சிறு செயற்கைக்கோள் மிர்-சாட்1 விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம், கையில் அடங்கும்.

படி 6: இரு வட்டங்களைத் தொடும் நீள்வட்டம்

ஒரு சுற்றுப்பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இரண்டையும் விளிம்பில் தொட்டுச் செல்லும் நீள்வட்டம் சிக்கனமானது. வால்டர் ஹோமன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1925-இல் இதை விளக்கி எழுதினார். பயண நேரத்தைக் கெப்ளரின் விதியால் நாமே கண்டுபிடிக்கலாம். செவ்வாய்க்குப் போட்டுப் பார்ப்போம்.

சூரியனிலிருந்து பூமி 1 அலகு தொலைவு, செவ்வாய் 1.524 அலகு. சராசரி 1.262. 1.262 × 1.262 × 1.262 = 2.010. வர்க்கமூலம் 1.418. இது முழு நீள்வட்டத்துக்கான ஆண்டுகள். நாம் பாதிதான் போகிறோம்: 0.709 ஆண்டு, ஏறக்குறைய 259 நாள். போய்ச் சேரும் புள்ளியில் செவ்வாயும் வந்து நிற்க வேண்டும் அல்லவா? அதனால் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் கிளம்ப நல்ல நேரம் வாய்க்கும். கப்பல் தவறினால் அடுத்த கப்பலுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

படி 7: காற்று கிடைத்தால் அதையே பிரேக் ஆக்குங்கள்

சந்திரனில் காற்று இல்லை, ஆகவே நம் சர்க்கரைக்கு இது உதவாது. செவ்வாயில் மெல்லிய காற்று உண்டு. 2006-இல் நாசாவின் மார்ஸ் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது, எஞ்சினை இயக்கிச் சுமார் 35 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் நீண்ட பாதையில்தான் முதலில் நின்றது. பிறகு ஏறக்குறைய ஐந்து மாதங்கள், ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் மேல் விளிம்பை உரசி உரசி, சுமார் இரண்டு மணி நேரச் சுற்றாகப் பாதையைச் சுருக்கிக்கொண்டது. சூரியத் தகடுகளே பாய்மரம் போலக் காற்றைப் பிடித்தன. அந்த வேலையை எஞ்சினே செய்திருந்தால் தேவைப்பட்டிருக்கும் எரிபொருள் இதனால் ஏறக்குறைய பாதியானது.

பூமிக்குத் திரும்பி வரும் கலங்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

படி 8: சுற்றி வளைத்துப் போங்கள்

1611-இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு மாலுமி ஜாவாவுக்குப் போக ஒரு புதிய வழி கண்டார். நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் வடகிழக்கே திரும்பாமல் இன்னும் தெற்கே இறங்கினார். அங்கே மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்றைப் பிடித்துக் கிழக்கே நெடுந்தூரம் ஓடி, பிறகு வடக்கே திரும்பினார். வரைபடத்தில் பார்த்தால் சுற்றுவழி. ஆனால் பயண நேரம் பாதியாகக் குறைந்தது. இந்தியப் பெருங்கடலின் நடுவே வாழும் நமக்கு இது அந்நியக் கதை அல்ல. காற்றின் போக்கு தெரிந்தவனுக்குக் கடல் பாதி வேலையைச் செய்து கொடுக்கும்.

விண்வெளியில் அந்தக் காற்றின் இடத்தில் ஈர்ப்பு விசை இருக்கிறது. சந்திரனை நோக்கி நேராகப் போகாமல், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. வரை விலகிப் போங்கள். அந்தத் தொலைவில் பூமியின் பிடி தளர்ந்துவிடும். சூரியனின் ஈர்ப்பு கலத்தின் பாதையை மெல்லத் திருத்தி எழுதும். திரும்பி விழும்போது கலம் சந்திரனின் அருகே, ஏறக்குறைய சந்திரனின் வேகத்திலேயே வந்து சேரும். சந்திரன் அதை எளிதாகத் தன் பிடிக்குள் வாங்கிக்கொள்ளும்.

கணிதவியலர் எட்வர்ட் பெல்புரூனோ இந்த வழியைக் கணித்தார். 1991-இல் ஜப்பானின் ஹிட்டென் கலம் இதைப் பின்பற்றிச் சந்திரனை அடைந்தது. சந்திரனின் அருகே கடந்து போவதுதான் அதன் முதல் திட்டம், சந்திரனைச் சுற்றுவது அதில் இல்லை. வழக்கமான வழியில் அதைச் செய்ய வேண்டிய எரிபொருளும் கலத்தில் இல்லை. அப்படிப்பட்ட கலம் போய்ச் சேர்ந்தது! நாசாவின் கிரெயில் இரட்டைக் கலங்கள் 2011 செப்டம்பரில் கிளம்பி, ஒன்று டிசம்பர் 31-இலும் மற்றது 2012 ஜனவரி 1-இலும் சந்திரனை அடைந்தன. 2022-இல் தென்கொரியாவின் தனூரி ஆகஸ்டில் கிளம்பி டிசம்பரில் சேர்ந்தது. வெறும் 25 கிலோ எடையுள்ள கேப்ஸ்டோன் அதே ஆண்டு ஜூனிலிருந்து நவம்பர்வரை பயணம் செய்தது.

நம் மூட்டைக்கு எவ்வளவு லாபம்? கிளம்பும்போது கொஞ்சம் கூடுதலாக 3.2 வேண்டும். சந்திரனில் குறைக்க வேண்டியதில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், 0.9-க்குப் பதில் 0.68 என்று வைப்போம். மொத்தம் 3.88. கணக்கு: 3.88 ÷ 3.1 = 1.252, பொத்தான் 3.496. எரிபொருள் 2496 கிலோ. மிச்சம் 138 கிலோ.

இந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் சிலருடைய முகம் வாடிவிட்டது. மூன்று நான்கு மாதம் காத்திருந்து 138 கிலோதானா? நான்காம் படிக்குப் போய், அதை எல்விஎம்3-இன் எண்பதால் பெருக்கிப் பாருங்கள்: ஏவுதளத்தில் 11 டன். சந்திரனின் தாழ் சுற்றுப்பாதைவரை இறங்காமல், கேப்ஸ்டோன் போல உயரமான பாதையில் நிறுத்தினால் லாபத்தின் பங்கு இன்னும் பெரிதாகும். ஆனால் இத்தனை மாதம் திரவ ஹைட்ரஜனை வைத்திருக்க முடியாது என்று ஓரத்தில் எழுதி வைத்தீர்களே, அதை இப்போது பாருங்கள். 1482 கிலோவில் முடியும் ஐந்து நாள் ஹைட்ரஜன் பயணமா, 2496 கிலோ ஆகும் நான்கு மாதப் பயணமா? நம் சரக்குக்கு நான் முதலாவதையே எடுப்பேன். பாதையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. எஞ்சினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 9: அயனி எஞ்சின், மெதுவாக, மிக மெதுவாக

இதுவரை வெளியேற்று வேகம் 3.1, 4.4 என்று பார்த்தோம். அதுவே 30 ஆக இருந்தால்?

அயனி எஞ்சினில் எதுவும் எரிவதில்லை. செனான் வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை நீக்கி மின்னேற்றம் கொடுத்து, மின்புலத்தால் அவற்றைப் பின்னோக்கி எறிகிறது. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. 2007-இல் கிளம்பிய நாசாவின் டான் கலம் 425 கிலோ செனானைக் கொண்டு செவ்வாய்க்கு அப்பால் உள்ள வெஸ்டா என்ற சிறுகோளையும் சீரிஸ் என்ற குறுங்கோளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றியது. எஞ்சின் கொடுத்த மொத்த வேக மாற்றம் நொடிக்கு 11 கி.மீ.க்கும் மேல்.

ஒரு நேர்மையான திருத்தம் இங்கே தேவை. இந்த எஞ்சினின் தள்ளுவிசை மிகச் சிறியது. அதனால் பூமிக்கு அருகில் சில நிமிடங்களில் எரித்து முடிக்கும் ஐந்தாம் படியின் லாபம் இதற்குக் கிடையாது. கலம் நத்தைபோலச் சுருள் சுருளாக ஏறும். வேக மாற்றம் 4.0-இலிருந்து ஏறக்குறைய 8.0 ஆகிவிடும். இரட்டிப்பு! இருந்தும் கணக்கைப் போடுங்கள்: 8.0 ÷ 30 = 0.267, பொத்தான் 1.306. செனான் 306 கிலோ.

2634, 1482, 306. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.

இப்போது விலை. நாள் கணக்கும் நாமே போடலாம். தள்ளுவிசை = 2 × திறன் விகிதம் × மின்திறன் ÷ வெளியேற்று வேகம். சூரியத் தகடுகள் 5 கிலோவாட் மின்சாரம் தருவதாக வைப்போம், அதாவது 5000 வாட். திறன் விகிதம், அதாவது மின்சாரத்தில் உந்துதலாக மாறும் பங்கு, 0.6. வெளியேற்று வேகத்தை மீட்டரில் எழுத வேண்டும், 30,000. விடை 0.2 நியூட்டன். உள்ளங்கையில் ஒரு சிறு எலுமிச்சை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. அந்த அழுத்தம் ஒரு டன்னைச் சந்திரனுக்குக் கொண்டுபோகிறது.

தள்ளுவிசையை வெளியேற்று வேகத்தால் வகுத்தால் நொடிக்கு எவ்வளவு செனான் செலவாகிறது என்று தெரியும்: 0.2 ÷ 30,000 = 0.00000667 கிலோ. 306-ஐ இதால் வகுத்தால் சுமார் 4.6 கோடி நொடி. 86,400-ஆல் வகுத்தால் 531 நாள். ஒன்றரை ஆண்டு.

சூரியத் தகடுகளின் எடையையும் மிச்ச எடையில் சேர்க்க மறக்காதீர்கள். சுருளாக ஏறும்போது பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களுக்குள் கலம் நெடுநாள் இருக்கும். அது தகடுகளையும் மின்னணுக் கருவிகளையும் தேய்க்கும். சர்க்கரைக்கு ஒன்றும் ஆகாது. கணினிச் சில்லுகளை அனுப்புவதாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

இது வெறும் தாள் கணக்கும் அல்ல. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்மார்ட்-1 கலம் 2003 செப்டம்பர் 27-இல் கிளம்பி 2004 நவம்பரில் இப்படித்தான் சந்திரனின் சுற்றுப்பாதையை அடைந்தது. 367 கிலோ கலம், தொட்டியில் 82 கிலோ செனான். நீள்வட்டப் பாதை ஒன்றில் ஏற்கெனவே ஏற்றி விடப்பட்டதால் அதற்கு நம் சரக்கைவிடக் குறைந்த வேக மாற்றமே போதுமாயிற்று.

படி 10: சரக்கைப் பிரியுங்கள், பிறகு கணக்கை முடியுங்கள்

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு கிழியுங்கள். ஒரு பக்கம் காத்திருக்க முடியாதவை: மனிதர்கள், மருந்து, பழுதான கருவிக்கு உடனே தேவைப்படும் உதிரிப்பாகம். மறுபக்கம் காத்திருக்கக்கூடியவை: தண்ணீர், உலர் உணவு, கட்டுமானப் பொருள்கள், திரும்பி வருவதற்கான எரிபொருள். என் அனுபவத்தில் மாணவர்கள் எந்தத் தளத்தைக் கற்பனை செய்தாலும் இரண்டாம் பக்கமே கனமாக இருக்கிறது. அதை ஓராண்டு முன்பே மெதுவாக அனுப்பி வைத்துவிட்டு, மனிதர்கள் வேகமாகப் பின்னால் போகலாம்.

இனி நீங்களே போட வேண்டிய கணக்கு. ஸ்மார்ட்-1 பயன்படுத்திய ஹால் வகை எஞ்சினின் வெளியேற்று வேகம் நொடிக்குச் சுமார் 16 கி.மீ. அதே 1000 கிலோ, அதே 8.0, அதே 5 கிலோவாட். திறன் விகிதம் 0.5 என்று வையுங்கள். எத்தனை கிலோ செனான், எத்தனை நாள்?

சரியாகப் போட்டிருந்தால் 649 கிலோவும் 385 நாளும் வரும். வெளியேற்று வேகம் பாதியானதும் செனான் இரட்டிப்புக்கு மேல் ஆகிறது, ஆனால் பயணம் ஐந்து மாதம் சுருங்குகிறது. மின்திறன் அளவோடு இருக்கும்போது, வெளியேற்று வேகத்தை உயர்த்திக்கொண்டே போவது பயணத்தை நீட்டும். அடுத்து மின்சாரத்தை 10 கிலோவாட் ஆக்கிப் பாருங்கள். செனான் 649-இலேயே நிற்கும். நாள்கள் 192 ஆகிவிடும். பிறகு, இரட்டிப்பான தகடுகளின் எடையை மிச்ச எடையில் சேர்த்து மறுபடி முதலிலிருந்து போடுங்கள்.